கேட்டலினா 30: கீல் விரிசலை அடைத்த விவரம்

கேட்டலினா 30 ஒரு பாய்மரப் படகு. அதன் அடியில் துடுப்புபோல் இறங்கி நிற்கும் கனமான பகுதிதான் கீல். கீலின் முன்விளிம்பு படகின் அடியோடு சேரும் இடத்தில், உதடு பிரிந்ததுபோல் ஒரு கோடு. இந்த ரகப் படகுகளில் இது பழகிய நோய். ‘கேட்டலினா ஸ்மைல்’ என்றே பெயர். படகின் எடை சுமார் 4,600 கிலோ. அதில் 1,900 கிலோ, போல்ட்டுகளில் தொங்கும் ஈயக் கீல். நட்டு தளர்ந்திருக்கும்வரை மேலே எவ்வளவு புட்டி பூசினாலும் ஒரே சீசனில் வெடித்துவிடும்.

முதல் நாள்: கரையில் ஏற்றிய படகின் முழு எடையும் கீலின்மேல் நிற்கவேண்டும். பக்க முட்டுகள் சாயாமல் தாங்க மட்டும். விரிசலின் இருபுறமும் 3 அங்குலம் பெயின்ட்டைச் சுரண்டியதும் தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. உடனே உள்ளே போய் பில்ஜில் (படகின் உட்புற அடிப்பள்ளத்தில்) கீல் போல்ட்டுகளின் நட்டுகளைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். பழைய படகுகளில் அந்த இடத்துக்குள் பிளைவுட் வைத்திருப்பார்கள். அது ஊறிப்போயிருந்தால் சத்தம் மழுங்கி வரும். நட்டை முறுக்க முறுக்க வாஷர் உள்ளே புதைந்துகொண்டே போகும். அப்படியானால் வேலையை நிறுத்திவிட்டு, மரத்தை வெட்டியெடுத்து ஃபைபர்கிளாஸால் நிரப்புவதுதான் வழி. இங்கே சத்தம் கணீரென்று இருந்தது.

மூன்றாம் நாள்: கசிவு நின்று நன்றாகக் காய்ந்தபின், ஹாக்சா பிளேடால் விரிசலுக்குள் இருந்த பழைய பசையைத் தோண்டி, அசிட்டோனால் துடைத்து, 3எம் 5200 சீலன்ட்டை (ஒட்டி அடைக்கும் பசை) ஆழமாக அழுத்தி நிரப்பியாயிற்று. அது ஈரமாக இருக்கும்போதே டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டுகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி, மூன்று சுற்றில், கையேட்டிலுள்ள அளவுக்கு முறுக்கவேண்டும். முழு நீளத்துக்கும் சீலன்ட் பிதுங்கி வந்தால் சரி. ஒரு நட்டை மட்டும் ஒரேயடியாக இறுக்கினால் இணைப்பு சாய்ந்து உட்காரும்.

பத்தாம் நாள்: 5200 முழுக்க இறுக ஒரு வாரம் ஆகும், அவசரப்படக் கூடாது. தேய்த்து, தண்ணீர் ஊறாமல் தடுக்கும் எபாக்ஸி பேரியர் கோட்டும், படகின் அடிப்பகுதிக்கான பெயின்ட்டும் அடித்தபின் படகைப் பெல்ட்டில் தூக்கினோம். கீல் அந்தரத்தில் தொங்கும் அந்த நிமிடம்தான் உண்மையான சோதனை. கோடு திறக்கவில்லை.

கடலில்: அகலம் 10 அடி 10 அங்குலம் என்பதால் முதலில் உறுதியாகவே நிற்கும். சாய்வு 20 பாகையைத் தாண்டினால் சுக்கான் கனத்து, படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். சுக்கானோடு மல்லுக்கட்டாமல் டிராவலரை (பெரிய பாயின் கயிறு நகரும் குறுக்குத் தண்டவாளம்) காற்று போகும் பக்கம் இறக்கவேண்டும். போதாவிட்டால் மெயின்செயிலில், அதாவது பெரிய பாயில், ஒரு ரீஃப்: பாயைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டுவது. சில வாரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி சோதிக்கவேண்டும்.