பையனுக்கு அடி வராத வாரங்கள்: ராலே நாட்குறிப்பு

மார்ச் 13, வெள்ளி

வட கரோலினாவில் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானமான டோக் ஃபீல்டில் இன்று ஜாக்கெட் இல்லாமல் உட்கார முடியவில்லை. ராலேயில் மார்ச் மாதம் அப்படித்தான், மதியம் நல்ல வெயில், விளக்கு போட்டதும் குளிர். நம் அணிப் பையனுக்கு இன்றும் ஒன்றும் அமையவில்லை. நான்கு முறை பேட் பிடிக்க வந்தான். இரண்டு ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக், அதாவது மூன்று தவறல், விழுந்து அவுட்), தரையில் உருண்ட ஒரு சப்பை கிரவுண்டர், கடைசியில் மேலே எழும்பிக் கையில் விழுந்த ஒரு பாப் அப்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. பதினெட்டு வயது, கல்லூரியில் முதல் வருடம், களத்தில் மூன்றாம் பேஸைக் காக்கிறான் (பேஸ் என்பது அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடம்). பிப்ரவரியில் சீசன் தொடங்கியபோது வெளுத்து வாங்கினான். மார்ச்சில் எங்கள் கல்லூரிக் குழுவான ஏ.சி.சி.யின் ஆட்டங்கள் வந்ததும் பிட்சர்களின், அதாவது பந்து வீசுபவர்களின், தரம் ஒரேயடியாக ஏறிவிட்டது. அதோடு எதிரணிகள் கையில் அவனுடைய வீடியோக்களும் சேர்ந்துவிட்டன. வெளிப்பக்கம் விலகிக் கீழே இறங்கும் ஸ்லைடர் என்ற பந்துக்கு இவன் பேட்டை வீசுகிறான் என்று ஒரு அணி கண்டுபிடித்தால் போதும், அடுத்த வாரம் எல்லோரும் அதையே போடுவார்கள்.

மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து, பிட்சர் கையை விட்டுக் கிளம்பி பேட்டரிடம் வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி. அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று உடம்பு முடிவெடுத்தாக வேண்டும். மனதில் சந்தேகம் புகுந்துவிட்டால் அந்த நேரம் போதவே போதாது. இன்று அவனைப் பார்த்தபோது அதுதான் தெரிந்தது: ஸ்லைடர் வருமோ என்று காத்திருந்து, நேராக வந்த ஃபாஸ்ட்பாலுக்குத் தாமதமாக வீசினான்.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடியும் ஒன்றுமில்லை. ஆட்டம் தோல்வி.

இன்று மனதைப் போட்டு வாட்டியது வேறு விஷயம். பின் வரிசையில் ஒருவர், கையில் போனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை பையன் வந்தபோதும் கத்தினார். 'உன்னால் எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா' என்கிற தொனி. வட கரோலினாவில் 2024 மார்ச் 11 முதல் போனிலேயே விளையாட்டுப் பந்தயம் கட்டலாம். அது சட்டம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோற்ற பணத்துக்காக ஒரு கல்லூரி மாணவனைத் திட்டுவதை ஏற்க முடியாது. மாணவர்களின் தனிப்பட்ட ஆட்டக் கணக்கின் மேல் பந்தயம் கட்டுவதையே தடை செய்யுங்கள் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் அதே மாதம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். வீரர்களுக்கு வரும் வசவுகளையும் மிரட்டல்களையும் அவர் அப்போது காரணமாகச் சொன்னார்.

எங்கள் வரிசையில் பல வருடங்களாக சீசன் டிக்கெட் வைத்திருக்கும் வயதான தம்பதி உண்டு. அந்தப் பாட்டி எழுந்து, திரும்பி, "அவன் அம்மா இரண்டு வரிசை கீழே உட்கார்ந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். கத்தல் நின்றது.

மார்ச் 17, செவ்வாய்

வார நடு ஆட்டம். பேட்டிங் வரிசையில் அவனை இரண்டாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு இறக்கியிருந்தார்கள். வெளியே உட்கார வைக்காமல் ஆட விட்டதே பெரிது. முன்பு போல அணியில் நிறையப் பேரை வைத்துக்கொள்ள முடியாது, இப்போது 34 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. ஒரு மோசமான மார்ச் மாதம் பையன்களை என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இரவு வீடு திரும்பும்போது காரில் எதிர் வீட்டு அண்ணன் வந்தார். மதுரைக்காரர், என்னைப் போலவே கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். "கிரிக்கெட்ல ஃபார்ம் போனா ஒரு பந்துல அவுட் ஆயி உள்ள போயிடலாம் தம்பி. இங்க நாலு தடவ வரணும், நாலு தடவையும் எல்லாரும் பாக்க தலையத் தொங்கப்போட்டுப் போகணும். மறுநாளும் வரணும்" என்றார். பல வருடமாகப் பார்க்கிறேன், இந்த ஆட்டத்தின் கொடுமையை இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றாக ஆடுபவனே பத்துக்கு மூன்று முறைதான் அடிப்பான். மீதி ஏழைத் தாங்கத் தெரிய வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் எல்லாப் பந்தையும் அடித்துப் பழகிய பையனுக்கு அது யாரும் சொல்லித்தராத பாடம்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று ஆட்டமும் வெளியூரில். வானொலியில் கேட்டேன். ஒரே ஒரு ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைச் சேர்வது), அதுவும் பேட்டின் கைப்பிடிப் பக்கம் பட்டு, பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டுக்குப் பின்னால் மெல்ல விழுந்த பந்து. ஸ்கோர் புத்தகத்தில் அதுவும் ஹிட்தான். சமையலறையில் நின்று கைதட்டினேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று ஆட்டம் தொடங்கும் முன் எங்கள் பகுதியில் பெரிய விவாதம். அடுத்த வெள்ளி பையன் முதல் முறை வரும்போது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டலாம் என்று சில மாணவர்கள் கேட்டார்கள். அவர்கள் மனதில் இருந்தது ட்ரே டர்னர் கதை. டர்னர் இதே டோக் ஃபீல்டில் ஆடியவர். 2012இல் முதலாம் ஆண்டிலேயே 57 பேஸ் திருடி (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து) நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். பிறகு ஃபிலடெல்ஃபியாவின் தொழில்முறை அணியான பில்லீஸ் அவரை 11 ஆண்டுகளுக்கு 300 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது. 2023இல் அங்கே போன முதல் சீசனிலேயே சறுக்கினார், சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அப்புறம் ஆகஸ்ட் 4 அன்று, திட்டுவதற்குப் பெயர்போன அதே ஃபிலடெல்ஃபியா அரங்கம் அவருக்காக எழுந்து நின்றது. மீதிச் சீசனில் அவர் 16 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தார். ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்து ரசிகர்களுக்கு நன்றியும் சொன்னார்.

பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "ட்ரேயை இந்த இருக்கையிலிருந்துதான் பார்த்தோம், எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு அவனுக்கு முப்பது வயது, கையில் ஒப்பந்தம் இருந்தது. இவன் குழந்தை. திடீரென்று மூவாயிரம் பேர் எழுந்து நின்றால், நம் நிலைமை ஊருக்கே தெரிந்துவிட்டது என்று கூனிக் குறுகிப்போவான். பிப்ரவரியில் எப்படிக் கைதட்டினோமோ அப்படியே தட்டுவோம்" என்றார்.

எனக்கு அவர் சொன்னதுதான் சரியென்று பட்டது. அனுதாபமும் ஒரு சுமைதான். நல்ல பந்தை விட்டால், கடினமாக அடித்தால், பேஸுக்கு ஓடினால் தட்டுவோம் என்று முடிவானது. மாணவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் 25, புதன்

ஆட்டம் இல்லை. தூக்கமும் வராததால் கில் ஹாட்ஜஸைப் பற்றி எழுதுகிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் முதலாம் பேஸைக் காத்தவர். 1952இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரில் ஏழு ஆட்டமும் ஆடி 21 முறை முயன்று ஒரு ஹிட்கூட இல்லை. புரூக்ளின் மக்கள் அவரை ஒரு முறைகூடத் திட்டவில்லை. அடுத்த வசந்தத்திலும் சறுக்கல் தொடர்ந்தபோது கடிதங்களும் ஜெபமாலைகளும் வந்து குவிந்தன. மே மாதம் வெக்கையான ஒரு ஞாயிறு, பாதிரியார் ஹெர்பர்ட் ரெட்மண்ட், பிரசங்கத்துக்கு இன்று சூடு அதிகம், வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த 1953ஆம் ஆண்டை ஹாட்ஜஸ் .302 சராசரி (பத்துக்கு மூன்று ஹிட்), 31 ஹோம் ரன் என்று முடித்தார்.

ஜெபம் வேலை செய்ததா, பயிற்சியாளர்கள் அவர் காலடியைத் திருத்தியது வேலை செய்ததா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த ஊர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை, எனக்கு அது போதும்.

மார்ச் 27, வெள்ளி

ஐந்தாவது இன்னிங்ஸ். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தாயிற்று. பையன் பேட்டர் நிற்கும் பெட்டியை விட்டு வெளியே வந்து, கையுறைப் பட்டையை அவிழ்த்து மறுபடி ஒட்டிக்கொண்டு, பேட்டின் நுனியால் இடது ஷூவை ஒரு தட்டு தட்டினான். அடுத்த ஸ்லைடர் வெளியே விலகியது. தோள் லேசாக முன்னால் போனது, கை நின்றது. விட்டுவிட்டான். எங்கள் வரிசை மொத்தமும் தட்டியது. அடுத்தது ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போன அடி. இன்னொரு பந்தை விட்டான். மறுபடி ஃபவுல், மறுபடி ஃபவுல். மூன்று தவறான பந்து, இரண்டு ஸ்ட்ரைக். கடைசிப் பந்து தாழ்ந்து போனது, நான்காவது தவறான பந்து, அதனால் வாக்: அடிக்காமலே முதல் பேஸ். பேட்டைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு அவன் கிட்டத்தட்ட ஓடியே போனான்.

வெறும் ஒரு வாக்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

பேட்டில் பட்ட சத்தத்திலேயே தெரிந்தது. உலோக பேட், மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரியான சத்தம். பந்து நேராக, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. அவுட். ஒப்புக்கொண்டபடி தட்டினோம், அவன் ஒரு நொடி நின்று எங்கள் பக்கம் பார்த்தான். வீரர்கள் உட்காரும் இடத்தின் படியில் நான்காம் ஆண்டு கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) ஒருவர் அவன் ஹெல்மெட்டைத் தட்டி ஏதோ சொன்னார், பையன் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று.

மார்ச் 31, செவ்வாய்

டபுள்! ஒரே அடியில் இரண்டாம் பேஸ். வலது நடு இடைவெளியில், சுவர் வரைக்கும். அடித்தது ஸ்லைடரை. வெளிப்பக்கம் வந்ததை இழுக்கப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் தள்ளினான். இரண்டு ரன். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். கீழே அவன் அம்மா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார், பாட்டி இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல் 3, வெள்ளி

நல்ல பிட்சர், 95 மைல். பையனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் அவுட், முதல் பேஸ் வரை ஒரு சிங்கிள். ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பியபோதும் எங்கள் வரிசை எப்போதும் போலத் தட்டியது, புதிதாக வந்த சிலர் ஏனென்று புரியாமல் பார்த்தார்கள். பேட்டிங் வரிசையில் ஆறாம் இடத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். நாளை மதியம் ஆட்டம், அண்ணன் புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். பாட்டிக்கும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.