கையால் தொட்டுப் பார்த்து

தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் வனக்காப்பாளராக இருக்கிறேன். மாசி பிறந்துவிட்டால் வீட்டில் என்னை எந்த விசேஷத்துக்கும் கணக்கில் சேர்ப்பதில்லை. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் அதற்குள் காய்ந்து சருகாகியிருக்கும்.

தீப்பிடித்தால் செயற்கைக்கோள் பார்த்துவிடுகிறது, கைபேசிக்குத் தகவல் வந்துவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் அது காட்டும் புள்ளி ஏறக்குறைய 375 மீட்டர் அகலக் கட்டம். அதற்குள் ஓடை இருக்கும், ஏற முடியாத பாறை இருக்கும். நடந்து போய்ச் சேர்வதற்குள் தீ அடுத்த சரிவுக்குப் போயிருக்கும். தீயணைப்பு வண்டி ரோடு முடிகிற இடத்தோடு சரி. அதற்கு மேல் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், அதுவும் குடிக்க.

பச்சைத் தழையை ஒடித்துத்தான் அணைக்கிறோம். புதிதாக வரும் பையன்கள் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். பொறி பறந்து முதுகுக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். தழையை நெருப்பின்மேல் அழுத்தி, ஏற்கெனவே எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். தீக்கு மேல்சரிவில் நிற்கவே கூடாது. மேல்நோக்கித்தான் அது ஓடும், மனிதனைவிட வேகமாக. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் 23 உயிர் போனபின், எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

நான் சறுக்கியது வேறு இடத்தில். ஒரு வருஷம், இரவெல்லாம் அடித்து விடியற்காலை நாலு மணிக்குத் தீ அடங்கியது. காற்று இல்லை, புகையும் இல்லை. செருப்பின் அடிப்பாகம் உருகிப்போயிருந்தது. ‘அணைந்தது’ என்று தகவல் அனுப்பிவிட்டு ஆட்களைக் கீழே இறக்கிவிட்டேன். மறுநாள் உச்சி வெயிலில் காற்று கிளம்பியதும், விழுந்து கிடந்த ஒரு பட்டமரத்தின் பொந்துக்குள் கனன்றிருந்தது வெளியே வந்துவிட்டது. அதே ஆட்கள், கண் சிவக்க, மறுபடி ஏறினார்கள். வயதில் மூத்த தீத்தடுப்புக் காவலர் ஒருவர் மட்டும், “பொந்துல கைய வச்சுப் பாத்திருக்கலாம் தம்பி” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போதெல்லாம் கருகின விளிம்பு நெடுகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். அதற்கே பாதி நாள் போய்விடும். மேலதிகாரி போனில், “அணைஞ்சிருச்சா?” என்பார்.

“தீ தெரியலைங்கய்யா. நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்.”