பெருந்திருக்கை தேடி: ஓபன் கடல் நாட்குறிப்பு

மே 16, 2025, வெள்ளி

வரும் செவ்வாய்க்கிழமை தேய்பிறைப் பாதி நிலா. அதை ஒட்டிய இரண்டு மூன்று நாளும் ஓதம் சிறியதாக இருக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஓபன் துறைமுகத்தில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சிறிய ஓதத்தில் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆழ்கடல் தூண்டிலுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். ஓபனை ஒட்டிய ஃபர்த் ஆஃப் லோர்ன் கடற்கழியில் பெரிய ஓதத்து நீரோட்டம் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கிலோ ஈயம் கட்டினாலும் இரை தரையில் நிற்காது.

அண்ணன் காலையிலேயே போன் செய்தார். "வியாழன் மத்தியானம் வரைக்கும் பெரிய காத்து இல்ல. லீவு சொல்லிட்டு வா," என்றார். படகு அவருடையது. ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், பக்கவாட்டில் முக்குளிப்பவர்கள் ஏறி இறங்கும் கதவு. அந்தக் கதவு இல்லாத சின்னப் படகில் பெருந்திருக்கைக்குப் போக எனக்கு மனம் வராது. ஏன் என்று மீன் வரும்போது எழுதுகிறேன். கூட அக்காவும் மச்சானும் வருகிறார்கள். நால்வரில் யாரும் யாருக்கும் சொந்தமில்லை, கடலில் பழகி வந்த முறைகள்தான்.

நாங்கள் பெருந்திருக்கை என்று சொல்லித் தேடிப் போவது ஃபிளாப்பர் ஸ்கேட். கொட்டும் முள் இல்லாத திருக்கை வகை. வாலில் வரிசையாகக் கூரிய சிறு முட்கள் உண்டு. ஸ்கேட் இனங்களில் உலகிலேயே பெரியது இது. இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும். 1986-இல் மல் தீவின் டோபர்மோரி பக்கம் தூண்டிலில் வந்த ஒன்று 227 பவுண்டு, அதாவது 103 கிலோ.

மே 18, ஞாயிறு

மத்தியானம் முழுக்கத் தூண்டில் முள் கட்டினேன். 50 பவுண்டு வகுப்புக் கோல், 80 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் சில மீட்டருக்கு 200 பவுண்டு தடித்த நரம்பு. மீனின் முரட்டுத் தோலிலும் வால் முள்ளிலும் உரசினால் பின்னல் நரம்பு நொடியில் அறுந்துவிடும். கடைசித் துண்டு 250 பவுண்டு. முள் 10/0 வட்ட முள்; வாயோரத்தில் மாட்டும், வயிற்றுக்குள் போவது குறைவு. எல்லா முள்ளிலும் கழன்று வராமல் தடுக்கும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டேன். ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டுவது வழக்கம். பாறையில் சிக்கினால் ஈயம் போகட்டும், இரண்டு மீட்டர் நரம்பை வாயில் இழுத்துக்கொண்டு ஒரு மீன் திரியக் கூடாது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று மச்சான் முதல்முறை வந்தபோது கேட்டது நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் பிரிட்டனைச் சுற்றி எங்கும் கிடைத்ததால்தான் இதற்குச் 'சாதாரண ஸ்கேட்' என்றே பெயர் இருந்தது. 1981-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, ஐரிஷ் கடலில் இது இல்லாமலே போய்விட்டது என்று சொன்னது. பெரும்பாலும் மற்ற மீனுக்கு இழுத்த வலையில் சேர்ந்து வந்தே தீர்ந்தது. குஞ்சு முட்டையிலிருந்து வெளியே வரும்போதே வலைக் கண்ணில் சிக்கும் அளவு பெரியது. முட்டை பொரிய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பெண் மீன் இரண்டு மீட்டரை நெருங்கினால்தான் முட்டையிடும் பருவம். இப்படி மெதுவாகப் பெருகுகிற உயிர் இழுவலைக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

2010-இல் இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே இனம் என்று நம்பியது உண்மையில் இரண்டு. இந்தக் கரையில் இருப்பது அதில் பெரியது. 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியக் கடல்களில் இதைக் கரைக்குக் கொண்டுவரத் தடை. 2012-இல் ஸ்காட்லாந்து தனியாகவே ஆணை போட்டது. 2014-இல் சுனார்ட் கடற்கழியிலிருந்து ஜூரா வரையிலான கடலை முக்கியமாக இந்த மீனுக்காகப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். நாங்கள் போவதும் அதற்குள்தான். தூண்டில் போடலாம், வந்த மீனை வந்த இடத்திலேயே விட வேண்டும்.

மே 20, செவ்வாய்

ஓபன் அருகே உள்ள டன்ஸ்டாஃப்னேஜிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கெரேரா தீவைச் சுற்றித் தென்மேற்கே போனால் தரை மளமளவென்று இறங்கும். அண்ணன் தேர்ந்த இடத்தில் 140 மீட்டர்.

அந்த ஆழத்தில் நங்கூரம் போடுவது தனிக் கலை. 400 மீட்டர் கயிறு தொட்டியில் சுருளாகக் கிடக்கிறது. அது ஓடும்போது யார் காலும் கிட்டே இருக்கக் கூடாது. அறுக்கக் கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எடுக்கும்போது கையால் இழுக்கவே முடியாது. கயிற்றில் ஒரு வளையமும் பெரிய மிதவையும் கோத்துவிட்டு, படகை முன்னால் சுற்றி ஓட்டினால் மிதவை கயிற்றோடு வழுக்கிப்போய் நங்கூரத்தை மேலே தூக்கிவிடும். அண்ணன் அதைச் செய்யும்போது யாரிடமும் பேசமாட்டார், நாங்களும் பேச மாட்டோம்.

இரை முழுக் கானாங்கெளுத்தி, உறையவைத்தது. இறக்கிய கால் மணிக்குள் கோல்நுனி சடசடவென்று துடித்தது. அந்தத் துடிப்பைப் பார்த்ததுமே தெரியும், புள்ளிச் சுறா. சின்ன மீன்தான், ஆனால் பெரிய மீனுக்கு வைத்த இரையை மென்று சிதைத்துவிடும். மாலை வரை அதுதான். நடுவில் மச்சானுக்கு ஒரு முட்சுறா. முதுகுத் துடுப்பின் முன்னால் உள்ள முள்ளைத் தொடாமல் பக்குவமாக விட்டார்.

பெரியது எதுவும் வரவில்லை. ஆனாலும் டூவார்ட் கோட்டை மேல் வெயில் விழ, லிஸ்மோர் கலங்கரை விளக்கத்தைக் கடந்து கப்பல் மல் தீவின் கிரெய்க்னூருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே திரும்பினது நன்றாக இருந்தது. இரவு பத்துக்கும் வெளிச்சம் போகவில்லை.

மே 21, புதன்

நேற்றைய இடத்துக்குச் சற்று மேற்கே, 150 மீட்டர். நீரோட்டம் ஓய்கிற நேரம் முற்பகலில். அதற்கு அரை மணி முன்னால் எல்லா இரையையும் புதிதாக மாற்றச் சொன்னார் அண்ணன்.

என் கோல்தான். துடிப்பே இல்லை. நுனி மெல்லக் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்து அப்படியே நின்றது. பெருந்திருக்கை இரையைக் கடித்து இழுக்காது. மேலே வந்து கவிந்து படுத்து, அடிப்பக்கத்து வாயால் எடுக்கும். கோல்நுனியில் தெரிவது அது படுக்கிற எடைதான். "அவசரப்படாத. நடக்கட்டும்," என்றார் அண்ணன். ரீல் கிட், கிட் என்று நரம்பு விட ஆரம்பித்தது. வட்ட முள்ளுக்கு வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டே போனேன், கோல் வளைந்தது, அதற்கப்புறம் ஒன்றும் அசையவில்லை.

இந்த மீனைப் பிடித்தவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்: முதலில் தரையையே பிடித்துவிட்டதாகத் தோன்றும். இறக்கையை விரித்துச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். இடுப்புப் பட்டையைக் கோத்து, முழங்காலை மடக்கி, முழு உடம்பின் எடையையும் பின்னால் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று ஒரு கை அளவு தளர்ந்தது. தரையை விட்டுவிட்டது! அதன்பின் தூக்கு, சுற்று, தூக்கு, சுற்று. 40 மீட்டர் மேலே வந்ததும் மூக்கைத் திருப்பிக்கொண்டு அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டு போயிற்று. ரீலின் பிரேக்கை இறுக்கவில்லை. அக்கா என் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

முக்கால் மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீருக்குள் ஒரு வெளிர் வடிவம் தெரிந்தது, பிறகு மெல்ல ஒரு பழுப்பு முதுகு. யாரும் கத்தவில்லை. மச்சான் மட்டும் "அம்மாடி" என்றார்.

கதவைத் திறந்து, நனைத்த மெத்தையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சரித்துவைத்து, இரண்டு பேர் இறக்கைகளின் முன்விளிம்பைப் பிடித்து வழுக்கியபடி உள்ளே இழுத்தார்கள். கொக்கி இல்லை, கண்ணுக்குப் பின்னால் உள்ள துளையில் விரல் விடுவது இல்லை. அந்தத் துளைகள்தான் மூச்சு. தரையில் படுக்கும்போது வாய் மண்ணில் இருப்பதால் மேலிருந்து தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்புகிறது. அக்கா ஒரு வாளி கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மண்டியிட்டு அருகில் பார்த்தேன். வாலடியில் ஆணுக்குரிய துணையுறுப்பு எதுவும் இல்லை, பெண். நீண்ட மூக்கின் அடியில் ஊசிக்குத்துப் போல நூற்றுக்கணக்கான துளைகள். இருட்டில் இரையின் மெல்லிய மின்சாரத்தை அதில்தான் உணர்கிறது. கண்ணின் மேல்விளிம்பிலிருந்து ஓலைத் தட்டி போல, ஓரம் கீறுகீறாக வெட்டுப்பட்ட ஒரு சிறு திரை கண்மணியை மூடி இறங்கியிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு நுணுக்கமான வேலை. வாலடியில் முடிச்சு முடிச்சான ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, அதை அப்படியே விட்டோம். வலது இறக்கையின் ஓரத்தில் பிளந்து ஆறிய பழைய தழும்பு ஒன்று.

நீளம் 206 சென்டிமீட்டர், அகலம் 158. நீள அகலத்தை வைத்து எடை சொல்லும் அட்டவணைப்படி ஏறக்குறைய 65 கிலோ. தராசில் தொங்கவிடுவதில்லை, தண்ணீர் தாங்கிய உடம்பைக் காற்றில் தொங்கவிட்டால் உள்ளே என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். முள் வாயோரத்தில் இருந்தது, நீண்ட குறட்டால் ஒரு திருப்பு, வந்துவிட்டது. விரலை மட்டும் வாய் அருகே கொண்டுபோகக் கூடாது, நண்டை ஓட்டோடு நொறுக்கும் தாடை அது. முதுகை நேர்மேலேயிருந்து இரண்டு படம். மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மெத்தையைச் சரித்ததும் வழுக்கி இறங்கி, படகின் அருகே ஒரு நொடி மிதந்து, இறக்கையை ஒரு முறை அடித்துக்கொண்டு செங்குத்தாகப் போயிற்று. காற்றுப்பை இல்லாத மீன் என்பதால் 150 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் வயிறு உப்பி மேலே கிடக்காது.

என் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் கோலை எடுத்து, இரை மாட்டி, மச்சான் கையில் கொடுத்தார்.

மே 22, வியாழன்

மல் நீரிணைக்குள் 110 மீட்டரில் போட்டோம். அக்காவுக்கு ஓர் ஆண், 180 சென்டிமீட்டர். ஆணின் இறக்கைமேல் கொக்கி கொக்கியாக முட்கள் இருக்கும், உறை போடாமல் தொடக் கூடாது. கைக்கடக்கமாக, ஆனால் பெண்ணைவிட வேகமாகச் சண்டை போட்டது. ஒரு மணிக்கே தென்மேற்கில் மேகம் திரண்டது. நங்கூரத்தை எடுத்துத் திரும்பிவிட்டோம்.

மே 24, சனி

வெளியே காற்றும் மழையும். அக்கா படங்களைச் சரிபார்த்து ஸ்கேட்ஸ்பாட்டர் தளத்துக்கு அனுப்பினார். அதை ஓபனை அடுத்த கடலாய்வு நிறுவனம் ஸ்காட்லாந்து இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து நடத்துகிறது. இந்த மீனின் முதுகுப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. படம் தெளிவாக இருந்தால் ஆள் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். மீனைப் பிடிக்கிறவர்களின் படங்களே ஆய்வுக்கு மூலப்பொருள் ஆவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஸ்கை தீவருகே லாங்கே பக்கத்தில் முட்டையிடும் இடம் தெரியவந்து, 2021-இல் அவசரமாகப் பாதுகாத்தபோதும் கடலில் புழங்குகிறவர்களின் கண்கள் உதவின.

பழைய படங்களில் இறக்கையில் இரும்புக் கொக்கி குத்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றும் சிலர் "இறக்கையில் குத்தினால் ஒன்றும் ஆகாது, ஆறிவிடும்" என்கிறார்கள். ஆறலாம். ஆனால் அந்த இறக்கைதான் அதற்கு நீந்தும் துடுப்பு, தரையில் இரையை அமுக்கும் கை. கதவும் நனைந்த மெத்தையும் இல்லாத படகென்றால் மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்துவிடலாம். அதற்குப் படம் குறையும், பெருமை குறையாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஜூன் 2, திங்கள்

பதில் வந்துவிட்டது. ஆண் புதியது, இதுவரை பதிவில் இல்லை; எண் கொடுத்திருக்கிறார்கள். பெண் பழைய ஆள். 2018-இல் சில மைல் தள்ளி வேறொரு படகில் வந்திருக்கிறது, அப்போது 198 சென்டிமீட்டர். அந்தப் படத்தையும் இணைத்திருந்தார்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். வலது இறக்கைத் தழும்பு அதிலும் இருக்கிறது. ஓரம் இன்னும் சிவந்து, ஆறாமல்.

அண்ணனுக்கு அனுப்பினேன். கதவுக்கு அகலமான மெத்தை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறாராம், இதைவிடப் பெரியது வந்தால் இப்போதிருப்பது போதாது என்கிறார்.