கண்ணில் சதை எடுத்த பின் கண்ணாடிக்கு அவசரப்பட்டது

வட்டக்கச்சியில் பாடசாலை விட்டால் வயல் என்று இருபது வருடங்களை ஓட்டிய எனக்கு, வலது கண்ணின் மூக்குப் பக்கத்தில் சதை வளர்வது ஒரு சோளகக் காலத்துப் புழுதியில் கண் சிவந்தபோதுதான் தெரிந்தது. வெயிலிலும் காற்றிலும் நிற்பவர்களுக்கு இது வருவது வழமை. உழவு இயந்திரம் ஓட்டுபவர்களிடமும் கடற்றொழிலாளர்களிடமும் பார்த்துப் பழகியதால், கண்மணியை மறைக்காதவரை பார்வைக்குப் பாதகமில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

பாதகம் வேறு வழியால் வந்தது. வரம்பில் நின்று பார்த்தால் மின்கம்பிகள் கூராகத் தெரிய, பனைகள் மட்டும் பக்கவாட்டில் நிழல் கட்டி நின்றன. கண் கிளினிக்கில் கெரட்டோமீட்டரில் நாடியை வைத்து அளந்தபோது, கருவிழியின் வளைவு கிடையாக 40.50 டயொப்டரும் (ஒளியைக் குவிக்கும் வலுவின் அலகு) நிலைக்குத்தாக 44.00 டயொப்டரும் இருந்தது. சதையின் தலை கருவிழிக்குள் 3 மில்லிமீற்றருக்கு மேல் ஏறிவிட்டதென்றும், அதன் இழுவையும் அதற்கு முன்னால் தேங்கும் கண்ணீரும் சேர்ந்து கிடைத்திசையைத் தட்டையாக்கிவிட்டன என்றும் வைத்தியர் கொப்பியில் வட்டம் கீறிக் காட்டினார். நிலைக்குத்துக் கோடுகளைக் குவிப்பது கிடைத்திசை வளைவு என்பதால்தான் பனை கலங்கியிருக்கிறது. கணிதம் படிப்பிக்கிறவனுக்கு அந்த விளக்கம் சதையைவிடச் சுவையாக இருந்தது.

சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சதையை உரித்தெடுத்து, வெறுமையான இடத்தில் மேல் இமைக்கு அடியிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை வைத்துத் தைத்தார்கள். வெறுமனே வெட்டிவிட்டால் சதை திரும்பி வளரும் வாய்ப்பு அதிகமாம். கருவிழியின் மேற்தோல் மூடும்வரை, மூன்று நான்கு நாட்கள், கண்ணுக்குள் மணல் அறுத்தது.

பிழை விட்டது அதற்குப் பிறகுதான். மூன்று மாதம் பொறுத்துக் கண்ணாடி எடுக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தும், திருத்த வேண்டிய விடைத்தாள்கள் குவிந்து கிடந்ததால், தையல்கூடப் பிரிக்காத பத்தாம் நாளில் ஒரு கடையில் அளவெடுத்தேன். கண்ணில் என்ன செய்தீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கிடை வளைவுக்கும் நிலைக்குத்து வளைவுக்கும் இடையில் அன்றைய வித்தியாசம் 2.25 டயொப்டர். அதற்கேற்ற கண்ணாடியோடு ஆறாம் கிழமை வகுப்பில் நின்றபோது, கரும்பலகையில் நானே கீறிய சதுரம் செவ்வகமாகத் தெரிந்தது, கழற்றினால்தான் தெளிவு. கிளினிக்கில் மறுபடி அளந்தால் வித்தியாசம் 1.00 ஆகக் குறைந்திருந்தது. வீக்கம் வற்றி, தையலின் இழுப்பு நீங்கி, மேற்பரப்பும் கண்ணீர்ப் படலமும் ஒழுங்காகும்வரை கருவிழி உருமாறிக்கொண்டே இருக்கும் என்பதை, இரண்டு மூட்டை நெல்லின் விலையைத் தொலைத்த பின் விளங்கிக்கொண்டேன். மூன்றாம் மாதத்தில் அது 0.75 ஆனது, நான்காம் மாதத்திலும் அதே அளவு நின்றதால் அப்போதுதான் புதுக் கண்ணாடி எடுத்தேன்.

என் மைத்துனருக்குச் சதையோடு கண்புரையும் இருந்தது. உள்ளே வைக்கும் வில்லையின் வலுவை இதே வளைவு அளவுகளைக் கொண்டுதான் கணிப்பார்கள் என்பதால், அவருக்குச் சதையை முதலில் எடுத்து, அளவு ஓரிடத்தில் நிற்கும்வரை புரையைத் தள்ளிப்போட்டார்கள். பிந்துகிறதே என்று அவர் சினந்தார். என் பழைய கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன், பிறகு பேசவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட ஸ்டீரொயிட் சொட்டு மருந்து கண்ணின் அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் அதற்கும் அளந்தார்கள், எனக்குக் கூடவில்லை. இப்போது வயலுக்கு அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் இறங்குவதில்லை. பனை ஒன்றாகவே நிற்கிறது. சதையின் தலை இருந்த இடத்தில் மங்கலான வெள்ளைத் தழும்பு மிஞ்சியிருப்பதால், இரவில் ஏ-9 வீதியில் எதிரே வரும் லொறியின் விளக்கு மட்டும் சற்றுச் சிதறுகிறது.