88 நாள், 88 கட்டை

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

மகள் மூன்றாம் கிரேடோடு நிறுத்திவிட்ட மின்பியானோ, மூன்று வருஷமாக இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணியைச் சுமந்துகொண்டிருந்தது. இன்று துணியை நாற்காலிக்கு மாற்றினேன். எனக்கு வயது 44. எண்ணிப் பார்த்தால் தீபாவளிக்கு 88 நாள். பியானோவிலும் 88 கட்டை. போதாதா சகுனம்? அத்தைக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு முழுவதையும் இரண்டு கையாலும் அன்றைக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

"முதல்ல மிடில் சி எங்க இருக்கு, காட்டுங்கம்மா" என்றாள் மகள். நடுவில் உள்ள 'சி' ஸ்வரக் கட்டையைத்தான் கேட்கிறாள். காட்டினேன். அது எஃப்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

தினம் ஒரு மணி நேரம் என்பது திட்டம். திங்கள், செவ்வாய் நடந்தது. புதன், வியாழன் வேலை முடிந்து சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேரவே எட்டரை. தேசிய தினத்தன்று லீவுதானே என்று பாக்கியைச் சேர்த்து இரண்டரை மணி நேரம் தட்டினேன். நேற்று முழுக்க மணிக்கட்டு வலி.

17 ஆகஸ்ட், சனி

சமூக மன்றத்தில் முதல் வகுப்பு. என் தீபாவளித் திட்டத்தை டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வலது கை மட்டும், நான்கு பார் (பாட்டைத் தாளப்படி பிரித்த சின்னக் கட்டங்கள்), தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 60 தட்டில், தினம் பத்து நிமிஷம் என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

சி மேஜர் ஸ்வர வரிசையை அவர் வாசித்துக் காட்டியபோது எனக்குச் சங்கராபரணமாகக் கேட்டது. சின்ன வயதில் சரளி வரிசை படித்தவள் நான். ஆனால் தொண்டைக்கு இல்லாத கஷ்டம் விரலுக்கு உண்டு: ஸ்வரம் எட்டு, விரல் ஐந்து. ச ரி க வரை கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். அப்புறம் நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரல் நுழைந்து 'ம'வைப் பிடிக்க வேண்டும். நுழையும்போதெல்லாம் என் முழங்கை றெக்கை மாதிரி விரிகிறது. சரளி வரிசையை முதல் காலத்திலேயே, அந்த மெதுவான வேகத்திலேயே, எத்தனை மாதம் பாடினோம்! அப்போது யாரும் அவசரப்படவில்லை.

5 செப்டம்பர், வியாழன்

பத்து நிமிஷம் வேலை செய்கிறது. சோறு வைத்துவிட்டு உட்கார்ந்தால் குக்கர் அணைவதற்குள் முடிந்துவிடும். வலது கை நான்கு பார் வந்துவிட்டது. 'ம'வும் தடுக்கவில்லை.

28 செப்டம்பர், சனி

இரண்டு கையும் சேர்த்து ஒரு வாரம். 60 வேண்டாம், 40-இலும் வரவில்லை; இடது கை அசைந்தால் வலது கை நின்று வேடிக்கை பார்க்கிறது. டீச்சர் இடது கையைப் பாருக்கு ஒரே ஸ்வரமாகக் குறைத்துவிட்டார். பாட்டும் பல்லவியோடு சரி: எட்டு பார். அழித்து எழுதிய இலக்கு இது மூன்றாவது. இந்த முறை வருத்தம் இல்லை, ஏனென்றால் திங்கட்கிழமை என்ன வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

31 அக்டோபர், வியாழன்

எண்ணெய்க் குளியல், பலகாரம் முடிந்து உட்கார்ந்தேன். இரண்டாம் பாரிலேயே அத்தைக்குப் பாட்டு பிடிபட்டுவிட்டது. கூடவே முணுமுணுத்தவர் என் வேகத்துக்குக் காத்திருக்கவில்லை. நான் ஆறாம் பாரில் தடுக்கி எழுந்தபோது அவர் பல்லவியை முடித்திருந்தார்.

"மிச்சம் எங்கம்மா?"

"பொங்கலுக்கு, அத்தை."

பொங்கலுக்கு என்றால் இன்னும் எட்டு பார். மகள் இதைப் படித்துவிட்டு, நான்கு என்று திருத்தச் சொல்கிறாள்.