பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது, காப்பீடு இல்லை

'கிரானிக் கேஸ்ட்ரைட்டிஸ், இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா, ஹெச். பைலோரி பாசிட்டிவ்.' என் வயிற்றுப் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். டாக்டரைப் பார்க்கத் திங்கள்கிழமை ஆகும் என்றார்கள், அதுவரை போனில் தேடினால் எங்கே பார்த்தாலும் 'புற்றுநோய்க்கு முந்தைய நிலை' என்றே வந்தது. நான் வேலை பார்க்கும் கடையில் இஎஸ்ஐ கிடையாது, தனியார் பாலிசி கட்டுகிற அளவுக்கு வருமானமும் இல்லை. நோய் பயமும் பண பயமும் ஒன்றாகவே வந்து உட்கார்ந்தன.

இதே மாதிரி ரிப்போர்ட் கையில் இருந்தால் முதலில் 'டிஸ்பிளேசியா' என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். கிரானிக் கேஸ்ட்ரைட்டிஸ் என்பது இரைப்பையில் நாள்பட்ட அழற்சி. இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா என்பது அந்தப் பல வருட அழற்சியில் இரைப்பையின் உள்தோல் குடலின் உள்தோல் போல மாறிவிடுவது. அது புற்றுநோய் இல்லை, அது உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கடைசிவரை புற்றுநோய் வருவதும் இல்லை. டிஸ்பிளேசியா என்றால் செல்களே சீர்கெட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம், அதிலும் 'ஹை கிரேடு' என்று போட்டிருந்தால் பணம் புரளட்டும் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். என்னுடையதில் டிஸ்பிளேசியா இல்லை.

அடுத்தது ஹெச். பைலோரி, இரைப்பையில் வாழும் பாக்டீரியா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்த கிருமி. ஆனால் மாத்திரையில் ஒழிக்கக்கூடியது, அதனால்தான் கையில் இருக்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்கிறேன். பெரும்பாலும் 14 நாள் மருந்து, வாய் கசந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. முடிந்து நாலு வாரமாவது கழித்து, மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கிருமி போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும், அதற்கு இரண்டு வாரம் முன்பே அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க மறுபடி எண்டோஸ்கோபிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. லேபில் உங்கள் பயாப்ஸித் திசு வைத்த கண்ணாடி ஸ்லைடும், திசுவை மெழுகில் பதித்த பிளாக்கும் இருக்கும், கேட்டு வாங்கி வேறு மருத்துவமனையில் காட்டலாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது, காப்பீட்டு அட்டை இல்லாமலே போகலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு விண்ணப்பித்து வையுங்கள், வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். இப்போது தனியார் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்க வைக்கலாம். ரிப்போர்ட்டை மறைத்து எடுக்கச் சொல்கிற ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள், கிளெய்ம் நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டிக் கைவிட்டுவிடும்.

திங்கள்கிழமை டாக்டரிடம் நான் கேட்டது: மாற்றம் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டுமா, மேலேயும் பரவியிருக்கிறதா, அடுத்த எண்டோஸ்கோபி எப்போது? பரவியிருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கமாம். எனக்குக் கீழே மட்டும்தான். அப்புறம் அவர் திருப்பிக் கேட்டார்: அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்ததா? அப்பா வயிற்று வலியில் போனார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஊரில் அத்தையிடம் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.