ஹேண்டில் குறுக்கே நின்றால் மூடியாச்சா?

ஹேண்டில் குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பால் வால்வைப் (உள்ளே துளையிட்ட ஒரு பந்து சுழன்று வழியைத் திறந்து மூடும் வால்வு) பற்றி எங்கள் ஆலையில் பாதிப் பேருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெருந்துறைப் பக்கம் ஒரு சாய ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். தண்ணீர், கண்டன்சேட் (நீராவி குளிர்ந்த நீர்), காஸ்டிக் (தோலை அரிக்கும் காரம்), கம்ப்ரஸர் காற்று என்று எங்கே திரும்பினாலும் இந்த வால்வுதான். கால் சுற்றில் வேலை முடிந்துவிடுவதால் எல்லோருக்கும் இஷ்டம். எனக்கும்தான். ஆனால் ஹேண்டில் சொல்வதை மட்டும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

2004 ஏப்ரல் 8 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் இருந்த சினிசா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பம்பைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். அதைத் தனிமைப்படுத்திய வால்வு பிளக் வால்வு, பந்துக்குப் பதில் துளையிட்ட அடைப்பான் சுழலும். அதுவும் கால் சுற்று ஜாதிதான். முதலில் கியரும் சக்கரமும் இருந்த இடத்தில் பிற்பாடு ஒரு நீளக் கம்பியை மாட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியைத் திசை மாற்றியும் மாட்ட முடியும். கம்பி குறுக்கே நின்றதால் மூடியாச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே வழி திறந்துதான் கிடந்தது. ஸ்டெம்மில் (உள் அடைப்பானைத் திருப்பும் தண்டு) இருந்த குறி உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தது, அதை வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை. சூடான ஆல்கிலேட் (பெட்ரோலில் கலக்கும் எரியக்கூடிய திரவம்) பீறிட்டுத் தீப்பிடித்து ஆறு பேர் காயமடைந்தார்கள்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. 1989 அக்டோபர் 23, டெக்சாஸின் பாசடீனாவில் பிலிப்ஸ் பாலிஎத்திலீன் ஆலை. ரியாக்டருக்குக் கீழே அடைப்பு எடுக்கும் வேலை. நடுவில் காற்றால் இயங்கும் ஒரே ஒரு பால் வால்வு. திறக்கும் ஹோஸுக்கும் மூடும் ஹோஸுக்கும் ஒரே மாதிரி இணைப்பு. இடம் மாறி மாட்டியிருந்தது. ‘மூடு’ என்றால் வால்வு திறக்கும். பூட்டும் போடவில்லை. வேலை நடக்கும்போது அந்த ஹோஸ்களைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. 23 பேர் செத்தார்கள். குழாயைத் திறந்து செய்கிற வேலைக்கு ஒற்றை வால்வை நம்பக் கூடாது, இரண்டு வால்வு மூடி நடுவில் வடிகால் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) அடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

எங்கள் இடத்துக்கு வருவோம். புதிதாகச் சேரும் பையன்களிடம் முதலில் ஸ்டெம்மின் தலையைப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலான வால்வுகளில் அங்கே ஒரு கோடு வெட்டியிருக்கும். பந்தின் துளை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கோடும் ஓடும். ஸ்டெம் சதுரமாக இருந்தால் ஹேண்டிலை நாலு விதமாக மாட்டலாம், கோட்டை மாற்ற முடியாது.

அப்புறம் தண்ணீர் லைனிலிருந்து மூடிய நிலையில் கழற்றிய ஒரு இரண்டு இஞ்ச் வால்வைக் கையில் கொடுப்பேன். கவிழ்த்துப் பார், உலுக்கிப் பார் என்பேன். சொட்டு விழாது. “காலிங்கண்ணா” என்பான். ஹேண்டிலைத் திருப்பச் சொன்னால் பந்துக்குள் இருந்த தண்ணீர் மடக்கென்று அவன் செருப்பில் கொட்டும். “இது காஸ்டிக்காக இருந்திருந்தா?” என்று கேட்டதும் முகம் மாறும். அதனால் லைனை வடிக்கும்போதே வால்வைப் பாதி திறந்து அந்த மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் வால்வு மேசைக்கு வந்த பிறகும் கழற்றக் கூடாது.

மூடிய பந்துக்குள் திரவம் மாட்டிக்கொண்டு வெயிலிலோ சூட்டிலோ விரிந்தால் போக வழியில்லை. குளோரின் மாதிரியான லைன்களுக்குப் பந்திலேயே சின்ன ஓட்டை போட்ட வால்வு வருவது அதற்காகத்தான். அது ஒரு திசை வால்வு. அம்புக்குறி பார்க்காமல் மாட்டினால் வீண்.

பொருத்தும்போது நடக்கிற கூத்துகள் தனி. மரை வால்வைக் குழாயில் ஏற்றுபவர்கள் ஸ்பேனரை வால்வின் எதிர்முனையில் போட்டு முறுக்குகிறார்கள். குழாய் ஏறுகிற பக்கத்து அறுகோணத்தில்தான் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு துண்டு உடலின் இணைப்பே அசைந்து கொடுக்கும். மூன்று துண்டு வெல்டிங் வால்வு என்றால் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்ததும் நடுத்துண்டைக் கழற்றிவிட்டு முழு வெல்டிங் போடுங்கள். சூட்டில் டெஃப்ளான் சீட் (பந்தை ஒட்டிக் கசிவைத் தடுக்கும் வளையம்) உருகினால் புது வால்வு முதல் நாளே கசியும். ஃபிளேஞ்ச் போல்ட்டை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். லைனைக் கழுவும்போது வால்வு முழுசாகத் திறந்திருக்கட்டும். வெல்டிங் கசடு பந்தில் கோடு இழுத்தால் அதற்கு வைத்தியம் கிடையாது.

பாதி திறந்து ஓட்டத்தைக் குறைக்கிற பழக்கம் சீட்டை அரித்துவிடும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கவென்றே குளோப் வால்வு இருக்கிறது. 150 கிளாஸ் (அழுத்தத் தர வகை) கார்பன் ஸ்டீல் உடல் சாதாரண வெப்பத்தில் 19.6 பார் அழுத்தம் தாங்கும், 200 டிகிரியில் 13.8தான். டெஃப்ளான் சீட்டின் வரம்பு அதற்கும் கீழே. தகட்டில் உள்ள ஒற்றை எண்ணைப் பார்த்து ஏமாறாமல் கம்பெனியின் அழுத்த-வெப்ப வரைபடத்தைப் பாருங்கள். தண்ணீர் லைனைப் படாரென்று மூடாதீர்கள், குழாய் உதறுகிற சத்தம் பக்கத்து ஷெட்டுக்குக் கேட்கும். இறுகிய ஹேண்டிலில் பைப் செருகி இழுக்கவும் வேண்டாம், ஸ்டெம் முறிந்தால் உள்ளே பந்து எப்படி நிற்கிறது என்றே தெரியாமல் போகும்.

வாங்கும்போது பூட்டு மாட்ட ஓட்டை உள்ள ஹேண்டிலாகக் கேளுங்கள். கோயம்புத்தூரிலேயே கிடைக்கிறது, விலை வித்தியாசமும் பெரிதாக இருக்காது. எங்கள் பர்ச்சேஸ்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் “அது எதுக்குங்கண்ணா?” என்பார். இந்தப் பதிவை அவருக்குத்தான் முதலில் அனுப்பப் போகிறேன்.